மடங்கிப்போன இரண்டாவது விரல்

வியாழன், இரவு.

ஹோட்டல் வரவேற்பு மேசைக்குப் பின்னால் நான் செருப்போடு நிற்பதை மேனேஜர் மேடம் இன்று பார்த்துவிட்டார். வேலை போய்விடுமோ என்று ஒரு வருடமாக மறைத்த காலைக் காட்டினேன். கூர்முனை ஷூவுக்குள் மடங்கி மடங்கியே இரண்டாவது விரல் கொக்கிபோல வளைந்துவிட்டது. அதன்மேல் கால் ஆணி வேறு.

"முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா? அகலமான ஷூ போட்டுக்கோ, அஷ்டே," என்றார். அவ்வளவுதான் என்பதைக் கன்னடத்தில் அப்படித்தான் சொல்வார்.

சாயங்காலம் டாக்டர் விரலை மெல்ல இழுத்தார். பாதிதான் நிமிர்ந்தது.

"முழுசா நிமிர்றப்பவே வந்திருந்தா அகல ஷூ, பயிற்சியோட சமாளிச்சிருக்கலாம். இப்ப அதெல்லாம் வலியைத்தான் குறைக்கும். நேராகணும்னா ஆபரேஷன்தான்."

வீட்டில் இன்னும் சொல்லவில்லை. அந்தக் கூர்முனை ஷூவைத்தான் போட வேண்டும் என்று மேடம் ஒருநாளும் சொன்னதில்லை. நானாகத்தான் நினைத்துக்கொண்டேன்.