பதினோரு வீடுகள்

மார்ச் 4, செவ்வாய்

கணக்கெடுப்பில் இன்று பதினெட்டு வீடு. குதிகால் வெடிப்பு செருப்பில் உரசி எரிகிறது. இரண்டு தெருவுக்கும் சேர்த்து நூற்றிருபது வீடு, வெள்ளிக்குள் முடித்தாக வேண்டும். ஆறு வயதுக்குக் கீழே குழந்தை வைத்துக்கொண்டு வேலை செய்கிற பெண்கள் ஐம்பது பேர் இருந்தால், இந்த வட்டத்தில் நகராட்சி ஒரு குழந்தைகள் காப்பகம் திறக்கும்.

விதி ஒன்றுதான். பெண்ணிடம் நேரில் கேட்க வேண்டும். அவள் இல்லையென்றால் மூன்று முறை வரை திரும்பப் போக வேண்டும். கதவைத் திறப்பது என்னவோ ஆண்கள்தான்.

மார்ச் 6, வியாழன்

இன்றைய கடைசி வீடு பேட்டரி கடைக்காரருடையது. மணி நாலே முக்கால். ஐந்து மணிப் பேருந்தை விட்டால் அடுத்தது ஆறரைக்கு. மகள் அக்கா வீட்டில் இருக்கிறாள். அக்காவுக்குப் பொறுமை ஆறு மணி வரைதான்.

"வீட்டம்மாவைக் கொஞ்சம் கூப்பிடுங்க சார்."

"அவ எதுக்கு மேடம், எங்கிட்டயே கேளுங்க. வேலைக்கெல்லாம் போறதில்ல. வீட்ல சும்மாதான் இருக்கா."

உள்ளே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"தைக்கிறாங்க போலிருக்கே?"

"கம்பெனிக்காரன் துணியைக் கொண்டாந்து போடுவான், இவ அடிச்சுக் குடுப்பா. பொழுது போகணும்ல? இதெல்லாம் ஒரு வேலையா மேடம்!"

சிரித்தார். நானும் சிரித்தேன். 'வேலை செய்யவில்லை' – ஒரு குறி. 'நேரில் கேட்கப்பட்டது' – இன்னொரு குறி. கையெழுத்து. பேருந்து கிடைத்தது.

இப்படி இந்த வாரத்தில் பதினோரு வீடு.

மார்ச் 21, வெள்ளி

நாற்பத்து நாலு பேர். ஆறு குறைகிறது. காப்பகம் வேறு வட்டத்துக்குப் போகும் என்று தேநீர் நேரத்தில் அதிகாரி சொன்னார். நான் தேநீரை முழுவதும் குடித்தேன்.

ஏப்ரல் 9, புதன்

மதியம் விசாரணை மேசையில் நான் மட்டும். இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் வந்து நின்றாள். முப்பதுக்குள் இருக்கும். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய தடம்.

"எங்க தெருவுல காப்பகம் வருதுன்னாங்க. இப்ப இல்லேங்கறாங்க. ஏன்க்கா?"

எந்தத் தெரு என்று கேட்டேன். சொன்னாள். எந்த வீடு என்று கேட்டேன். பேட்டரி கடை வீடு.

துணிக் கம்பெனியில் இந்த மாதம் முதல் தேதி சேரச் சொல்லியிருந்தார்களாம். மாதச் சம்பளம், வைப்பு நிதி எல்லாம் உண்டு. குழந்தையை விட இடமில்லாததால் பதினைந்தாம் தேதி வரை தவணை வாங்கி வைத்திருக்கிறாள்.

"கணக்கெடுக்க யாரோ வந்தாங்களாம். நான் உள்ளதான் தைச்சுக்கிட்டிருந்தேன். ஒரு வார்த்தை கூப்பிடல. யாருக்கா அது?"

"பாத்துச் சொல்றேம்மா."

பாத்துச் சொல்றேன்! எதைப் பார்க்க? என் கையெழுத்தையா?

ஏப்ரல் 10, வியாழன்

அலுவலகம் போகவில்லை. தலைவலி என்று சொல்லி அனுப்பினேன்.

பேருந்துக்காகத்தான் செய்தேன் என்று எழுதினால் அது பாதிப் பொய். அந்தக் கணவன்மார்கள் சொன்னதை நான் நம்பினேன். அதுதான் நிஜம். அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெளியே கிளம்புகிறவள்தான் வேலை செய்பவள், மற்றவள் சும்மா இருப்பவள் – அந்த எண்ணம் எனக்குள் எவ்வளவு நாளாக இருந்தது? அவர் சிரித்தபோது நான் ஏன் சிரித்தேன்? மரியாதைக்கா? இல்லை. சீச்சீ, இல்லவே இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "யாருமே கேக்கல. நீயா ஏன் போய் வாயைக் குடுக்கறே? சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தாப்ல ஆயிடும்" என்றார். என்னுடையது ஒப்பந்த வேலை. ஒரு காகிதத்தில் போய்விடும்.

ஏப்ரல் 11, வெள்ளி

எழுதிக் கொடுத்துவிட்டேன். பதினோரு கதவு எண்ணும் வரிசையாக.

எங்கள் அதிகாரிக்கு 'முத்திரை' என்று பெயர். விடுப்புக் கடிதத்துக்கே இரண்டு முத்திரை குத்துவார். இதை முத்திரைப் பெட்டியைத் திறக்காமலேயே படித்தார்.

"ஏம்மா, பாதிப் பேர் இப்படித்தான் எழுதறாங்க. தெரியாதா உனக்கு?"

"தெரியும் சார்."

"அப்புறம்?"

கதவு எண்கள் இருந்த பக்கத்தை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தேன். "மறுபடி எடுக்கச் சொல்றேன். நீ திங்கக்கிழமையிலேர்ந்து வர வேண்டாம்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

ஏப்ரல் 15, செவ்வாய்

அவள் வீட்டுக்குப் போனேன். கடைக்காரர் இல்லை. மெஷின் காலில் ஒரு துப்பட்டா, அதன் மறுமுனை குழந்தையின் இடுப்பில். நான்தான் அது என்று சொன்னேன்.

மெஷினை நிறுத்தவில்லை. ஒரு பக்கத் தையலை ஓட்டி முடித்தாள். பிறகு பல்லால் நூலைக் கடித்தாள்.

"வாசல்லேர்ந்து ஒரு குரல் குடுத்திருந்தா வந்திருப்பேனே அக்கா."

அவ்வளவுதான். திட்டவில்லை. இன்றுதான் பதினைந்தாம் தேதி என்பது தெரு முனைக்கு வந்த பிறகே உறைத்தது.

மே 2, வெள்ளி

மறு கணக்கு முடிந்ததாம், முன்னாள் சக ஊழியை ஃபோன் செய்தாள். பதினோரு வீட்டில் ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். ஐம்பத்து மூன்று. காப்பகம் வருகிறது. "உன்னாலதான்டி" என்றாள். ஃபோனை வைத்துவிட்டேன்.

ஜூன் 9, திங்கள்

பொட்டலம் கட்டும் நிறுவனம் ஒன்றில் இன்று நேர்காணல். காலை எட்டு மணிக்கு அந்தத் தெருமுனை நிறுத்தத்தில் நின்றேன். காப்பகத்தின் கேட் திறந்திருந்தது. உள்ளே ஏதோ ஒரு குழந்தை தொண்டை கிழிய அழுதது.

பேட்டரி கடை வீட்டுப் பெண் வெளியே வந்தாள். தோளில் சாப்பாட்டுப் பை. துணிக் கம்பெனி அந்த இடத்துக்கு ஏப்ரலிலேயே ஆள் எடுத்துவிட்டது. இது ஊருக்கு வெளியே வேறொரு கம்பெனி, சம்பளம் குறைவு, பயணம் ஒரு மணி நேரம். நிறுத்தத்தில் பக்கத்தில் நின்றவளிடம் அவள் சொன்னதில் இவ்வளவும் என் காதில் விழுந்தது. என்னைப் பார்த்தாள். தலையை லேசாக ஆட்டினாள்.

பேருந்து வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. நடத்துனர், "ஏறும்மா, போகணும்" என்றார்.

நான் அடுத்த பேருந்தில் போனேன்.