ஒரு விரலால் காட்டு

பிப்ரவரி 3

அன்புள்ள குருவிக்கு,

நான் நலம். நீயும் நலமென்று எடுத்துக்கொள்கிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் உன் காதுக்குக் கேட்கும்படி பேசினால், கீழ்வீட்டுக்காரருக்கு முதலில் கேட்டுவிடுகிறது. இது அவர் கேட்க வேண்டிய செய்தி இல்லை.

வீட்டை விற்கச் சம்மதித்துவிட்டேன். நான் பெற்ற பிள்ளை, உன் அண்ணன் மகன், ஏப்ரல் நடுவில் வாங்குகிறவரை அழைத்துக்கொண்டு வருகிறான். அதன் பிறகு அவன் வீட்டில், தரைத்தளத்தில், எனக்கென்று ஓர் அறை. அதன் ஜன்னல் கார் நிறுத்தும் இடத்தைப் பார்த்து இருக்கிறதாம். நல்ல காற்று வரும் என்கிறான். வரட்டும்.

எல்லாம் இந்த இடுப்பு வலியால்தான். ஐந்து மாதமாகிறது. மூன்று மாடி ஏறுவதற்குள் தளத்துக்குத் தளம் நின்றுவிடுகிறேன். யாராவது எதிரே வந்தால் பையில் சாவியைத் தேடுவதுபோல் பாவனை செய்கிறேன். படம் எடுத்துப் பார்த்துவிட்டு, முதுகெலும்பு தேய்ந்திருக்கிறது என்றார் டாக்டர். இந்த வயதில் தேயாமல் இருந்தால்தான் ஆச்சரியம். இடுப்புக்கு அகலமாக ஒரு பெல்ட், மாத்திரை, வெந்நீர் ஒத்தடம் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தேன். பலனில்லை. நாற்காலியிலிருந்து எழும் அந்த நொடியில் உயிர் போகிறது. படுக்கையில் புரள்வதென்றால் முன்கூட்டியே திட்டமிட வேண்டியிருக்கிறது. ஒரு காலில் நின்று செருப்பு மாட்ட முடியவில்லை. வலது பக்கம் மட்டும்தான்.

புலம்பவில்லை. தகவலுக்காக எழுதுகிறேன்.

உன் அண்ணன் விட்டுப்போன சாய்வு நாற்காலியை உனக்கு அனுப்பி வைக்கிறேன். அந்த அறையில் அதற்கு இடமில்லை. எப்போது அனுப்பலாம் என்று எழுது. போன தடவைபோல் வாயில் வருவதையெல்லாம் அப்படியே எழுதாமல், முழு வாக்கியமாக எழுது.

அன்புடன்,
உன் அண்ணி


பிப்ரவரி 9

மகாராணி சமூகத்துக்கு,

முழு வாக்கியமெல்லாம் எனக்கு வராது. எப்படிப் பேசுவேனோ அப்படித்தான் எழுதுவேன். ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுல உக்காந்து படிச்சவங்க. எங்கண்ணனைக் கட்டிக்கிட்டதால மட்டும் நீ எனக்கு டீச்சர் ஆயிட முடியாது.

நாற்காலி வேணாம்.

உன் லெட்டரைத் திரும்பத் திரும்பப் படிச்சேன். எந்திரிக்கும்போது, புரளும்போது, ஒத்தைக்கால்ல நிக்கும்போது, அதுவும் ஒரே பக்கம். எங்க சின்னவளுக்குப் பிரசவத்துக்கப்புறம் இப்படியேதான் வலிச்சுது. அவளுக்கும் முதல்ல டிஸ்க்குன்னுதான் சொன்னாங்க. அப்புறம் ஒரு பிசியோதெரபிஸ்ட், "எங்க வலிக்குது, ஒரே ஒரு விரலால காட்டு"ன்னு கேட்டாங்க. இவ காட்டின இடம் முதுகும் இல்ல, இடுப்பும் இல்ல. அதுக்கும் கீழ. முதுகெலும்போட அடிப்பகுதியும் இடுப்பெலும்பும் வந்து சேருற மூட்டாம் அது.

இப்ப உண்மையைச் சொல்லு. டாக்டர் கேட்டப்போ நீ எங்க கை வச்ச? நம்ம கான்வென்ட்ல பொம்பளைப் பிள்ளைங்களுக்கு இடுப்புக்கும் முட்டிக்கும் நடுவுல உடம்பே கிடையாது. படிக்கட்டுல சறுக்கி உக்காந்தவகூட சிஸ்டர்கிட்டப் போயி "இடுப்புல அடி பட்டுடுச்சு"ன்னுதான் சொல்லணும். நாங்கல்லாம் ஸ்கூலை விட்டு எப்பவோ வந்துட்டோம். நீ வந்துட்டியான்னுதான் எனக்குச் சந்தேகம்.

கதவைச் சாத்திக்கோ. ஒரு விரல். பார்த்துட்டு எழுது.

குருவி


பிப்ரவரி 14

குருவி,

ஒரு பெண்மணி இன்னொரு பெண்மணிக்கு எழுதும் கடிதமா அது? படித்ததும் கிழிக்கத்தான் நினைத்தேன். பதில் போட வேண்டியிருக்கிறதே என்று வைத்திருக்கிறேன். மகாராணி என்று விளிப்பதையும் நிறுத்திக்கொள். அந்தப் பெயரோடு ஒன்பதாம் வகுப்பில் நான் பட்டது போதும்.

டாக்டரிடம் இடுப்பில்தான் கை வைத்தேன். வேறெங்கே வைப்பேன்? அவருக்கு என் மகன் வயது.

உன் அண்ணன் மகனிடம் இதைப் பற்றி மூச்சு விடாதே.

அண்ணி

பின்குறிப்பு: கதவைச் சாத்தினேன். விரல் தானாகப் போய் நின்றது. வலது பக்கம், இடுப்புக்குக் கீழே ஒரு சின்னக் குழி இருக்கிறதே, அதன்மேல். அழுத்தியதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பெல்ட்டோ அதற்கு ஒரு சாண் மேலே இருக்கிறது. திருடன் புழக்கடையில் இருக்க, இத்தனை நாள் வாசலைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சின்னவள் பார்த்தது போன்ற பிசியோதெரபிஸ்ட் இங்கே யாராவது இருக்கிறார்களா என்று உடனே கேட்டு எழுது.


பிப்ரவரி 27

என் அருமைக் குருவி,

உட்காரப் பொறுமையில்லை. சமையல் மேடைமேல் தாளை வைத்து நின்றுகொண்டே எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

சின்னவள் சொன்ன பிசியோதெரபிஸ்டிடம் போய்விட்டு இப்போதுதான் வந்தேன். உயரமான பெண், பேச்சில் வேகம். எங்கே வலிக்கிறது என்று கேட்டாள். நான் சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு விரலால் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. "சரியா காட்டிட்டீங்க, பாதி வேலை முடிஞ்சுது"ன்றாள். (பார், உன் நடை எனக்கும் தொற்றுகிறது.)

பிறகு படுக்க வைத்தாள். முழங்காலை மடக்கித் தொடையைக் கீழ்நோக்கி அழுத்தினாள். ஒருக்களிக்க வைத்து மேலிருந்து அழுத்தினாள். ஒரு காலின்மேல் மறுகாலைப் போடச் சொல்லி முழங்காலைத் தாழ்த்தினாள். ஒவ்வொரு முறையும் ஒரே கேள்விதான்: இது உங்கள் வலியா, வேறு வலியா? குருவி, என் வலியேதான். கூட்டத்தில் ஒளிந்திருந்தவனைச் சட்டையைப் பிடித்து இழுத்துக் கொண்டுவந்து நிறுத்தியதுபோல் இருந்தது. "இதேதான்" என்று நான் போட்ட சத்தத்தில், வெளியே காத்திருந்தவர்கள் பயந்திருப்பார்கள்.

காலில் மரத்துப்போதல் இருக்கிறதா, பலம் குறைந்திருக்கிறதா என்றும் பார்த்தாள். படத்தையும் பார்த்தாள். தேய்மானம் இருப்பது உண்மைதானாம், ஆனால் இந்த வலி அதிலிருந்து வருவதாகத் தெரியவில்லையாம். டாக்டரைக் குறை சொல்லவில்லை. நான் காட்டிய இடத்துக்கு அவர் வைத்தியம் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான்.

எங்காவது விழுந்தீர்களா என்று கேட்டாள். இல்லை என்றேன். காலைத் தவறி ஊன்றினீர்களா என்றாள். அப்போதுதான் நினைவு வந்தது. போன செப்டம்பரில் படிக்கட்டு விளக்கு எரியவில்லை. படிகள் முடிந்துவிட்டன என்று எட்டி வைத்தேன், இன்னும் ஒரு படி இருந்தது. வலது கால் விறைத்தபடி தரையில் மோதியது. விழாததால் யாரிடமும் சொல்லவில்லை. கீழ்வீட்டுக்காரர் பார்த்துவிட்டாரோ என்பதுதான் அன்றைக்கு என் கவலை.

அகல பெல்ட்டுக்கு விடை கொடுத்தாயிற்று. இனிக் குறுகிய பெல்ட், அதுவும் கீழே இறக்கி, நடக்கும்போது மட்டும். கால்மேல் கால் போடக் கூடாது. சாய்வு நாற்காலியில் அமிழ்ந்து உட்காரக் கூடாது. அந்த இடத்துத் தசை தளர்ந்துவிட்டதாம். மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது, ஒருக்களித்துப் படுத்து முழங்காலை விரிப்பது என்று பயிற்சிகள் கொடுத்திருக்கிறாள். இரண்டு மாதத்தில் தேறாவிட்டால் அந்த மூட்டுக்குள்ளேயே டாக்டர் ஊசி போடுவாராம். இதில் மாயமில்லை, விடாமல் செய்ய வேண்டும் என்றாள். சிஸ்டரிடம் பியானோ கற்றவளிடம் வந்து விடாமல் செய்வதைப் பற்றிச் சொல்கிறாள்.

சந்தோஷத்துடன்,
அண்ணி


மார்ச் 6

மகாராணிக்கு,

நிறுத்த முடியாது, பழகிடுச்சு.

"அந்த இடத்துத் தசை"யா? எந்த இடம்? அதுக்கு ஒரு பேரு இருக்கு. நீ அதை எழுதுற அன்னிக்குத்தான் உனக்குக் குணமாச்சுன்னு நம்புவேன்.

உன் பையன் நேத்து பேசினான். ஏப்ரல்ல முடிச்சே ஆகணுமாம். நான் ஒண்ணும் உளறல. வேணாம்னா அதை நீதான் சொல்லணும். அவன் கெட்டவன் இல்ல, பயப்படுறான். அம்மாவால அந்தப் படி ஏற முடியுமாங்கிறது ஒண்ணுதான் அவன் கேள்வி. அதுக்கு லெட்டர்ல எழுதி பதில் சொல்ல முடியாது.

குருவி


ஏப்ரல் 17

அன்புள்ள குருவிக்கு,

நேற்று வந்தார்கள்.

கார் சத்தம் கேட்டதுமே இறங்கிப் போய் வாசலில் நின்றேன். உன் அண்ணன் மகனுக்கு முகமே மாறிவிட்டது. "ஏம்மா இறங்கி வந்தீங்க? இப்ப எப்படி ஏறுவீங்க?" என்றான். வாங்குகிறவர் கண்ணியமான மனிதர், கையில் அளவு டேப்போடு வந்திருந்தார். இருவரையும் வாருங்கள் என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். அதில் வெட்கமில்லை என்று என் பிசியோதெரபிஸ்ட் சொல்லியிருக்கிறாள். முதல் தளத்தில் நிற்கவில்லை. இரண்டாவது தளம் தாண்டும்போது பின்னால் காலடிச் சத்தம் இல்லை. திரும்பிப் பார்த்தேன். உன் அண்ணன் மகன் மூச்சு வாங்க நின்று, சட்டைப்பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தான். சாவியாக இருக்க முடியாது. அது என் கையில் இருந்தது.

மேலே போனதும், வீடு விற்பதற்கில்லை, வீண் சிரமம் கொடுத்ததற்கு மன்னிக்கவும் என்று அந்த மனிதரிடம் சொன்னேன். வலி முழுக்கப் போய்விடவில்லை என்பதையும் மகனிடம் மறைக்கவில்லை. நாள் முழுக்க அலைந்தால் சாயங்காலம் எட்டிப் பார்க்கிறது. பொய் சொல்லி வீட்டைக் காப்பாற்றிக்கொள்ளும் எண்ணம் எனக்கில்லை.

அவன் ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்து முடித்தான். பிறகு, "முதுகுன்னு சொன்னாங்களே. அப்ப நிஜமா எங்கதான்மா வலிச்சுது?" என்றான்.

அவர்கள் இருவர் முன்னிலையிலும் திரும்பி நின்றேன். ஒரு விரலால் காட்டினேன்.

"இங்க. இதுக்குப் பேரு பிட்டம். இதைச் சொல்லக் கூச்சப்பட்டுத்தான் உன்னை இவ்வளவு தூரம் அலைய விட்டுட்டேன்."

வாங்குகிறவர் தன் டேப்பில் இருந்த எண்களை மிகுந்த அக்கறையோடு படித்துக்கொண்டிருந்தார். உன் அண்ணன் மகன் சிரித்தான். சத்தமே வராமல் தோள் மட்டும் குலுங்க, அப்படியே உன் அண்ணன் சிரிப்பு. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, படிக்கட்டு விளக்கை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனான்.

சாய்வு நாற்காலி எங்கேயும் போகவில்லை. நான் அதில் உட்காரக் கூடாது, அது காலியாகக் கிடப்பதையும் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. நீ புறப்பட்டு வா. படி ஏற மலைப்பாக இருந்தால் கீழே நின்று கூப்பிடு. நான் இறங்கி வந்து கூட்டிக்கொண்டு போகிறேன்.

உன்,
மகாராணி