எண்பத்தேழில் ஒரு பங்கு குழி

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது.

இங்கு நான் முழுதும் நலம், உன் அம்மா இடது கணுக்கால் நீங்கலாக நலம். அங்கு நீயும் மாப்பிள்ளையும் கணுக்கால் உட்பட நலமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறோம். தொலைபேசியில் பேசும்போது நான் பாதியிலேயே சரி வைக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன், வைத்த பிறகுதான் சொல்ல வேண்டியவை வரிசையாக நினைவுக்கு வருகின்றன, அதனால்தான் இந்தக் கடிதம். எதுவும் விட்டுப்போகாமல் இருக்க முதலில் குறித்துக்கொள்கிறேன்:

1. அம்மாவின் கால்.
2. நீ அனுப்பிய ரயிலும் உன் அறையின் இன்றைய நிலையும்.
3. அம்மாவுக்கு இந்த ரயில் வேலையில் துளியும் அக்கறை இல்லை என்பது.
4. சங்கத்தாரோடு ஏற்பட்ட சங்கடம்.
5. நீ கேட்காத சில புத்திமதிகள்.

முதலில் கால். அம்மா விழுந்தது உனக்குத் தெரியும், எங்கே விழுந்தாள் என்பதைத்தான் நான் சரியாகச் சொல்லவில்லை. தெரு முனையில் குடியிருப்போர் சங்கத்தின் மண்டபம் இருக்கிறதே, அதன் வாசலுக்கு நேர் எதிரே ஒரு குழி. குழாய் பதிக்கத் தோண்டினார்கள், பதித்தார்கள், போய்விட்டார்கள். அதில்தான் விழுந்தாள். அடுத்த சங்கக் கூட்டத்தில் இதைச் சொல்வதற்கென்றே நான் போய் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தேன். தலைவர், அவர்தான் மரச்சாமான் கடைக்காரர், அவரே முந்திக்கொண்டு, “அம்மா பாவம், செருப்பு தடுக்கி விழுந்துட்டாங்க, எல்லாரும் செருப்பைப் பாத்து வாங்குங்க” என்று அறிவித்துவிட்டு, நகராட்சி நடத்தும் அழகிய தெருப் போட்டிக்குத் தாவிவிட்டார். மறுப்பதற்காகக் கையைத் தூக்கினேன். தூக்கிய கை பாதியில் என்ன நினைத்ததோ, காதைச் சொறிந்துவிட்டு இறங்கிவிட்டது. அம்மாவுக்குக் கால் வலியைவிட அந்தச் செருப்புப் பேச்சுதான் பெரிய வலி. “நல்ல செருப்புங்க அது” என்று இன்றைக்கும் சொல்வாள். தெருவே அவளைத் தடுமாறும் கிழவி என்று முடிவுகட்டிவிட்டது, யார் வந்தாலும் “பாத்து நடங்கம்மா” என்கிறார்கள், கட்டிலில் இருப்பவளைப் பார்த்து.

இனி ரயில். என் பிறந்தநாளுக்கு நீ அனுப்பிய எஞ்சினும் மூன்று பெட்டிகளும் வட்டத் தண்டவாளமும் நன்றாக ஓடுகின்றன. வெறும் பலகையில் சுற்றிச் சுற்றி ஓடுவது பார்க்கப் பாவமாக இருந்ததால் அதற்கு ஓர் ஊர் செய்து கொடுக்கலாம் என்று தோன்றியது. உன் மேசை இப்போது அந்த ஊரைத் தாங்கி நிற்கிறது, மன்னித்துவிடு. தெர்மக்கோலை அடுக்கி ஒட்டி மேடு பள்ளம் செதுக்கி, மேலே பிளாஸ்டர் பூசி, தேநீர் வடிகட்டியில் சலித்த மணலைப் பசையில் தூவித் தெரு போட்டேன். பச்சைச் சாயத்தில் ஊறவைத்த மரத்தூள்தான் புல். பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரைப் பிய்த்தால் அருமையான வேலி கிடைக்கிறது (சமையலறையில் நார் காணாமல் போவது பற்றி அம்மா உன்னிடம் புகார் சொன்னால் அது இதுதான்). எல்லாம் எண்பத்தேழில் ஒரு பங்கு அளவு, அதாவது ஓர் ஆள் இரண்டு சென்டிமீட்டர் உயரம். எந்த ஊரைச் செய்வது என்று புத்தகங்களைப் புரட்டினேன், மலையும் ஏரியுமாக இருந்தன. நான் பார்க்காத மலையைச் செய்ய எனக்குத் தைரியம் இல்லை. நில அளவை அலுவலகத்தில் காலமெல்லாம் வரைபடம் போட்டவன், கண்ணால் பார்த்து நாடாவால் அளந்ததை மட்டுமே நம்புவேன். ஆகவே நம் தெருவையே செய்தேன். நம் தெருவில் ரயில் இல்லை என்பது உண்மைதான், வீடுகளின் பின்புறச் சந்தில் ஒரு சின்னப் பிளாட்பாரமும் அதில் சில பொம்மை ஆட்களும் வைத்து அதை ஓடவிட்டேன். மற்றபடி உள்ளது உள்ளபடி. குழியைக் குடைக்கம்பை விட்டு அளந்துகொண்டு வந்தேன், என் அளவில் அது ஒரு சென்டிமீட்டர் அகலம், சுண்டுவிரல் நுனி போகும் ஆழம்.

அம்மா கட்டிலில், நான் உன் அறையில், நடுவில் ஒரு சுவர். என்ன செய்கிறேன் என்று அவள் எட்டிப் பார்த்ததுகூட இல்லை, “பொம்மை வீடு கட்டி முடிச்சாச்சா?” என்று மட்டும் கேட்பாள். மூன்றாவது குறிப்புக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

சங்கடம் எதிர்வீட்டுப் பல் டாக்டரால் வந்தது. அம்மாவை நலம் விசாரிக்க வந்தவர் அறைக் கதவு திறந்திருந்ததால் உள்ளே பார்த்துவிட்டார். மறுநாள் தலைவரோடு வந்தார். இருவரும் குனிந்து குனிந்து பார்த்தார்கள், போட்டி நடுவர்கள் வரும் நாளில் இதை மண்டபத்தில் வைத்தே ஆக வேண்டும் என்றார்கள். எனக்கு ஒரு நிமிடம் உச்சி குளிர்ந்தது, அதை மறைக்காமல் எழுதுகிறேன். பிறகுதான் திருத்தங்கள் தொடங்கின. டாக்டருக்குத் தன் பெயர்ப்பலகை படிக்கும்படி இல்லை என்று குறை. இந்த அளவில் எழுத்து அப்படித்தான் இருக்கும் என்று விளக்கினேன். “அந்த எண்பத்தேழு கணக்கெல்லாம் மத்தவங்களுக்கு வச்சுக்குங்க சார், என் போர்டு மட்டும் கொஞ்சம் நிஜ சைஸ்ல இருக்கட்டும்” என்றார். இப்போது அவர் பலகை அவர் வீட்டு மொட்டைமாடியைவிடப் பெரிது. மாடிவீட்டு அம்மா வந்து தன் சுவரில் இருந்த விரிசலை எடுக்கச் சொன்னார். கூடவே, இலை கொட்டுகிறது என்று போன வருடம் அவரே வெட்டிப்போட்ட மரத்தை வாசலில் நடச் சொன்னார், “நிழல் இல்லாம நல்லாவா இருக்கு?” என்று என்னையே கேட்டார். கம்பியை முறுக்கி மரம் செய்து நட்டேன். கடைசியில் தலைவர் குழியைச் சுட்டிக்காட்டி, “சார், இது என்ன, எலி கிலி கடிச்சிடுச்சா?” என்றார். குழி என்றேன். “குழியெல்லாம் எதுக்கு சார், அழகா இருக்கிற இடத்துல? தெரு மானம் உங்க கையில இருக்கு” என்றார். பாரம்மா, தெருவில் இல்லாத ரயிலைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, இருக்கிற குழிதான் எல்லோர் கண்ணையும் உறுத்தியது. நான் பிளாஸ்டர் குழைத்து அதை மூடினேன். நிஜக் குழியை மூட முடியாதவர்கள் அதை என் கையால் மூடுவித்த வேகம் வியக்கத்தக்கது.

அன்று மாலை அம்மா கைத்தடியை ஊன்றிக்கொண்டு, சத்தம் கேட்டு அலுத்துப்போய், முதல்தடவையாக அறைக்குள் வந்தாள். தெருவை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தாள். மண்டப வாசலில் கண் நின்றது. “அப்ப நான் எதுல விழுந்தேன்?” என்று கேட்டாள். அவ்வளவுதான், திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

எனக்குச் சண்டை வராது, வேலைதான் வரும். பூசிய இடத்தை வெட்டியெடுத்து, குழியை மறுபடி தோண்டி, அதற்குப் பொருத்தமாக ஒரு சின்ன மூடி செய்தேன். மேலே மணல் தூவிய மூடி, வைத்தால் இருப்பதே தெரியாது, இடுக்கியால் எடுத்தால் வந்துவிடும். தலைவர் பார்த்தால் மூடி, அம்மா பார்த்தால் குழி. இரு தரப்புக்கும் நியாயம் செய்துவிட்டதாக நினைத்து நிம்மதியாக இருந்தேன். இருவரும் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடும் என்பது இத்தனை படித்த எனக்குத் தோன்றவில்லை. போட்டி நாளன்று நான் எவ்வளவு சொல்லியும் கேளாமல் அம்மா மண்டபத்துக்கு வந்தாள், முதல் வரிசை நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பலகைக்கு அந்தப் பக்கம் தலைவர், புதுச் சட்டையில். நடுவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். நான் இடுக்கியோடு நின்றேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை, பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மூடியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வெறும் குழியைப் பார்ப்பவர் பிளாஸ்டர் பெயர்ந்திருக்கிறது என்றுதான் நினைப்பார். அலுவலகத்தில் ஒரு பள்ளத்தைப் படம் எடுத்தால் அளவு தெரிய ஓர் ஆளை நிறுத்துவோம், அது எங்கள் வழக்கம். பிளாட்பாரத்தில் நின்ற நீல உடைப் பெண் பொம்மையை எடுத்துக் குழிக்குள் சாய்த்து வைத்தேன். அளவுக்காகத்தான் வைத்தேன் என்று இப்போதும் நினைக்கிறேன், உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

நடுவர்களில் மூத்தவர், ஓர் அம்மையார், மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு குனிந்து, “குழிக்குள்ள யாரு இது?” என்றார். தலைவர், “ரயில் ஓடுற அதிர்வுல பொம்மை சாஞ்சிடுச்சு மேடம்” என்று சொல்லிக்கொண்டே அதை எடுக்கக் கை நீட்டினார். நான், “இல்ல. அது என் மனைவி” என்றேன். சொன்னது நான்தானா என்று நானே திரும்பிப் பார்த்தேன். அம்மா நாற்காலியிலிருந்தபடி, வகுப்பில் பேர் கூப்பிட்டால் கை தூக்குவதுபோல் கைத்தடியைத் தூக்கிக் காட்டினாள். அம்மையார் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார், ஒரு பக்கச் செருப்பில் சேறோடு திரும்பி வந்தார்.

பரிசு பக்கத்துத் தெருவுக்குப் போயிற்று, அங்கேயும் குழி உண்டு, பொம்மை செய்யத்தான் ஆள் இல்லை. மறுநாள் காலை நம் குழிக்குள் ஒரு பெரிய பூந்தொட்டி நின்றது. சங்கத்தின் சுற்றறிக்கையில் அந்த இடத்துக்கு இப்போது ‘முகப்புப் பூங்கா’ என்று பெயர். மாலையில் தலைவரே வந்தார், என் பலகையிலும் ஒரு தொட்டி வைக்கச் சொல்லத்தான் வந்தார் என்பது பிறகு தெரிந்தது. வந்தவர் கட்டிலில் அம்மாவைக் கண்டதும் வேறு வழியில்லாமல், “கால் எப்படிம்மா இருக்கு?” என்றார். “எந்தக் கால்? செருப்பு தடுக்கி விழுந்த காலா, குழியில விழுந்த காலா?” என்று அம்மா கேட்டாள். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நான் உதவவில்லை. “குழியில விழுந்த கால்தாம்மா” என்றார். “பரவால்ல, உக்காருங்க” என்றாள் அம்மா. அதற்குப் பிறகு அவள் செருப்பைப் பற்றிப் பேசவே இல்லை.

புத்திமதிகளுக்கு இடம் குறைந்துவிட்டது. கூட்டத்தில் கையைத் தூக்கினால் காதுப்பக்கம் கொண்டுபோகாதே. குடை எடுத்துக்கொண்டு போ, மழைக்கு இல்லாவிட்டாலும் ஆழம் பார்க்க உதவும். மாப்பிள்ளை எதற்கெடுத்தாலும் சரி என்கிறார் என்று போன முறை குறைபட்டாய், அப்படிப்பட்டவர்களைக் கொஞ்சம் பொறுத்துக்கொள், உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கலாம்.

நீங்கள் இருவரும் குறைவில்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக நெடுநாள் வாழ வேண்டும். இன்னோர் எஞ்சின் அனுப்புகிறேன் என்றாயே, வேண்டாம், மேசையில் இடம் இல்லை. அம்மாவிடம் மட்டும் அடிக்கடி பேசு, அவள் பாதியில் வைக்க மாட்டாள்.

என்றும் உன் நலம் நாடும்,
அப்பா

பி.கு. உறை தேடி உன் அறைக்குப் போனேன். அம்மா மேசையருகே நாற்காலியைப் போட்டு, என் மெல்லிய தூரிகையால் குழிக்குள் இருந்த பொம்மைக்குப் பச்சை பூசிக்கொண்டிருந்தாள். விழுந்த அன்றைக்கு அவள் உடுத்தியிருந்தது பச்சையாம், நீலம் இல்லையாம், “கூடவே இருக்கீங்க, இதுகூடவா தெரியாது?” என்றாள். பிளாட்பாரப் பெஞ்சியில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த ஆளையும் கிளப்பிக் கொண்டுவந்து குழிக்கரையில் நிறுத்தியிருந்தாள். அது நானாம். அந்த இடத்திலிருந்து அவன் கை அவளுக்கு எட்டாது, அளந்து பார்த்தே சொல்கிறேன் என்றேன். “எட்டாட்டி என்ன, பக்கத்துல நின்னாப் போதும்” என்றாள். ஆகவே என் மூன்றாவது குறிப்பு தவறு.