காப்பி குடிச்சுட்டே சொல்றேனுங்க

என் பிரியமுள்ள நங்கைக்கு,

அண்ணன் மனைவியை நங்கை என்று கூப்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு எழுதுவதை ஊரே படிக்க எழுதுவேன் என்று நான் நினைத்ததே இல்லை. இத்தனை நாளும் உங்கள் பழைய நம்பருக்குத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். இனி அது முடியாது.

நீங்கள் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் என் ஜெராக்ஸ் கடைக்கு ஆள் வராத அரைமணி நேரம் ஒன்று இருக்கிறதே, அதில் தினமும் உங்களுக்கு ஒரு மெசேஜ் போடுவேன். எதிரில் இருக்கிற பனியன் கம்பெனி ஜன்னலிலிருந்து பஞ்சுத் தூசி மிதந்து வரும். வெயிலில் அது இறங்கவும் இறங்காது, ஏறவும் ஏறாது. என் மெசேஜும் ஒற்றை டிக்கோடு அப்படித்தான் எங்கேயோ நின்றுகொண்டிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். யாழினிக்கு முன்பல் முளைத்துவிட்டது. ஒற்றை டிக். அண்ணன் இன்று ரசம் வைத்தார், வாயில் வைக்க முடியவில்லை. ஒற்றை டிக். நீங்கள் தூங்குகிறீர்கள், எழுந்ததும் பார்ப்பீர்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

கடையில் ஒன்றும் மாறவில்லை. ஆன்லைன் மனு போட வருகிறவர்களிடம் பாஸ்வேர்டு என்ன வைக்கட்டும் என்று கேட்டால் பாதிப் பேர் முருகன் பேரைச் சொல்கிறார்கள். மீதிப் பேர், "நீயே ஏதாச்சும் போட்டுக் குடு கண்ணு" என்று என்னிடமே விட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறார்கள். வீட்டைப் பூட்டினால் இரண்டு தரம் இழுத்துப் பார்க்கிற ஜனம், போனை மட்டும் யாரிடமும் நீட்டிவிடுகிறதே, அது ஏன்? நீங்கள் இருந்தால் இதற்கு அரைமணி நேரம் பேசுவீர்கள். எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வருகிறது.

ஆனால் பேச எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? போன மாசம் யாழினி என் மடியில் படுத்துக்கொண்டு, "அத்தை, அம்மா மொகம் ஞாபகம் இருக்குது. எப்படிப் பேசுவாங்கன்னுதான் மறந்துட்டே வருது" என்றாள். எட்டு வயசுப் பிள்ளை, அழக்கூட இல்லை. ஏதோ பென்சில் தொலைந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

உங்கள் குரல் எங்களிடம் ஒரு துளிகூட இல்லை நங்கை. இடத்தை அடைக்கிறது என்று மெசேஜெல்லாம் தானாக அழியும்படி என் போனில் வைத்திருந்தவள் நான்தான். ஊருக்கெல்லாம் கம்ப்யூட்டர் புத்தி சொல்கிறவள்! அண்ணன் துக்கத்தில் உங்கள் போனின் பேட்டர்னை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து, கடைசியில் ஒரு கடையில் கொடுத்து எல்லாவற்றையும் துடைத்து வாங்கி வந்தார். சிம்மும் ரீசார்ஜ் செய்யாமல் செத்துப்போனது. நீங்கள் எடுத்த வீடியோக்கள் உங்கள் மெயிலில் பத்திரமாக இருக்கின்றன. "யாழினி, இங்க பாரு கண்ணு" என்று கேமராவுக்குப் பின்னால் நீங்கள் பேசியதெல்லாம் அதில்தான். ஆனால் அதைத் திறக்க உங்கள் நம்பருக்கு வரும் ஆறு இலக்கம் வேண்டும். இல்லாத நம்பருக்கு எங்கே போய் நிற்பது?

அப்போதுதான் ஒரு நாள் மத்தியானம், நான் போட்ட மெசேஜில் இரண்டு டிக் விழுந்தது.

பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டும் நீலமாயின. மெஷின் சத்தம், ரோட்டுச் சத்தம் எல்லாம் தண்ணீருக்கு அடியில் போனதுபோல் இருந்தது. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், நீங்கள் எழுந்துவிட்டீர்கள் என்று நம்பினேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அப்புறம்தான் உங்கள் படம் இருந்த இடத்தில் பூரி ஜெகந்நாதர் உருண்டைக் கண்ணோடு என்னைப் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. சிம் கம்பெனிக்காரன் உங்கள் நம்பரை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டான்.

போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள். பேர் சஸ்மிதா, ஒடிசாவிலிருந்து வந்து இங்கே மண்ணரை ஏரியாவில் தையல் வேலை. நான் பேசியதை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். "ஏனுங்க, உங்க போனுக்கு ஆறு நம்பர் ஒண்ணு வருமுங்க. அதை மட்டும் கொஞ்சம் சொல்லிருங்க. பயப்படாதீங்க, தப்பா ஒண்ணுமில்லீங்க" என்றேன். திருடன் எப்படிப் பேசுவானோ அச்சு அசல் அப்படியே! என் வாயிலிருந்து வருவதை என் காதே நம்பவில்லை.

அதுவரை தட்டுத்தடுமாறித் தமிழ் பேசியவள், ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னாள்: "ஏனுங்க, கோவிச்சுக்காதீங்க. ஊட்டுக்கு வாங்க, காப்பி குடிச்சுட்டே சொல்றேனுங்க."

அது உங்கள் வாக்கியம்.

ராமாத்தாக்காவை நினைத்துக்கொண்டேன். நீங்கள் வேலை பார்த்த பனியன் கம்பெனி டெய்லர் ராமாத்தாக்கா, பேங்கிலிருந்து பேசுகிறேன் என்றவனிடம் எல்லா நம்பரையும் ஒப்பித்துவிட்டு அழுதுகொண்டு வந்து நின்றாரே. ஏன் போனை வைக்கவில்லை என்று நீங்கள் கேட்டதற்கு, "அத்தனை மரியாதையாப் பேசறவங்கள எப்படிங்க பாதில கட் பண்றது?" என்றாரே. அன்று சாயங்காலம் நீங்கள் வீட்டுக்கு வந்து, "நம்ம ஆளுகளுக்கு முடியாதுன்னு சொல்ல வாய் வராது கண்ணு. அதனால ஊட்டுக்கு வாங்கன்னு சொல்லச் சொல்லிட்டேன். திருடன் எவன் காப்பி குடிக்க வருவான்?" என்று சிரித்தீர்கள். ஆபீஸில் உட்கார்ந்து சம்பளச் சீட்டு அடிப்பது மட்டும்தான் உங்கள் வேலை. இதெல்லாம் நீங்களாக இழுத்துப் போட்டுக்கொண்டது.

நான் திருடன் இல்லையே, அதனால் விலாசம் கேட்டுக்கொண்டு போனேன். ஞாயிற்றுக்கிழமை, யாழினியையும் கூட்டிக்கொண்டு. வரிசையாக ஒட்டிக் கட்டின வீடுகளில் நாலாவது. சஸ்மிதா எங்களைக் கண்டதும் முதலில் பயந்தாள், பிறகு பிள்ளையைப் பார்த்துச் சிரித்தாள். அவள் வீட்டில் யாரும் காப்பி குடிப்பதில்லையாம். ஆனாலும் டப்பாவிலிருந்து ஒரு சின்னக் காப்பிப் பொட்டலத்தை எடுத்தாள். "ரொம்ப நாளா வெச்சிருக்கு. யாரும் வரல. நீங்கதான் ஃபர்ஸ்ட்" என்றாள். திருடன் வந்தால் கொடுப்பதற்கு என்று காப்பிப் பொட்டலம் வாங்கி வைத்திருந்தவளை நீங்கள் பார்க்காமல் போய்விட்டீர்களே என்று இருந்தது.

இந்தத் தமிழை யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். தெரியாது என்று தலையாட்டினாள். வேலைக்கு வந்த புதிதில் யாரோ க்ரூப்பில் அனுப்பியதாம். அதைப் போட்டுப் போட்டுக் கேட்டு, மனப்பாடம் செய்தாளாம். போனைத் தேடி எடுத்து அழுத்தினாள்.

நீங்கள் பேசினீர்கள்.

பின்னால் தையல் மெஷின் சத்தம். முதலில் சின்னதாக ஒரு இருமல். "எல்லாரும் நல்லாக் கேட்டுக்குங்க. நம்பர் கேட்டு யார் போன் பண்ணுனாலும் பதறாதீங்க. இப்படிச் சொல்லுங்க. ஏனுங்க, கோவிச்சுக்காதீங்க. ஊட்டுக்கு வாங்க, காப்பி குடிச்சுட்டே சொல்றேனுங்க." கடைசியில் அந்தச் சிரிப்பு. அரை நிமிஷம்கூட இருக்காது. யாழினி அசையாமல் உட்கார்ந்து, "இன்னொருக்கா" என்றாள். ஏழு தரம் கேட்டாள். ஏழாவது தரம் அவள் உதடும் சேர்ந்து அசைந்தது.

அந்தக் குரல் யாருடையது என்று சொன்னதும் சஸ்மிதா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதை எனக்கு அனுப்பிவைத்தாள். பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான், ஆறு இலக்கம் கேட்கவே இல்லை என்பது ஞாபகம் வந்தது. அதற்கு அவசரமில்லை. அடுத்த ஞாயிறு அவளை நம் வீட்டுக்குக் காப்பிக்கு அழைத்திருக்கிறேன்.

இதைக் கடையில் சொன்னபோது ஒருவர், "அரை நிமிஷக் குரல் போதுமுங்க, ஏ.ஐ. மெஷின்ல குடுத்தா என்ன வேணும்னாலும் பேச வெக்கலாம்" என்றார். யாழினிக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்ல வைக்கலாமாம். அன்றைக்கு மத்தியானம், மெசேஜ் போடும் அந்த அரைமணி நேரம் முழுக்க எனக்கு அதே நினைப்பாக இருந்தது. பொய் சொல்லவில்லை, ஆசையாகத்தான் இருந்தது.

ஆனால் நேற்று நடந்ததைக் கேளுங்கள். அண்ணன் போனுக்கு ஏதோ நம்பர் கேட்டு அழைப்பு வந்திருக்கிறது. அண்ணன் அடுப்படியில் ரசத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். யாழினி எடுத்தாள். முதலில் சின்னதாக இருமினாள். "ஏனுங்க, கோவிச்சுக்காதீங்க. ஊட்டுக்கு வாங்க, காப்பி குடிச்சுட்டே சொல்றேனுங்க" என்றாள். அதே இழுப்பு, அதே சிரிப்பு. அண்ணன் கையில் கரண்டியோடு ஓடிவந்து வாசலில் நின்றார். வீடு முழுக்கக் கண்ணால் தேடினார். அப்புறம் பிள்ளையைப் பார்த்தார்.

அதனால் ஒரு வாக்கு கொடுக்கிறேன் நங்கை. நீங்கள் சொல்லாத ஒரு வார்த்தையை எந்த மெஷினைக் கொண்டும் உங்கள் குரலில் சொல்ல வைக்கமாட்டேன். நீங்கள் சொன்னது யாழினி வாயில் இருக்கிறது, எங்களுக்கு அது போதும்.

இப்படிக்கு,
உங்கள் கழுத்தில் மூன்றாவது முடிச்சைப் போட்ட நாத்தனார்,
யாழினியின் அத்தை