டேங்க் விட்ட பெருமூச்சு

மே 6, செவ்வாய்

அப்பாவின் மினி லாரி இன்றும் குணசீலத்தில் நின்றுவிட்டது. முசிறியில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது குதிரை, குணசீலம் வந்தால் கழுதை. சித்திரை பிறந்ததிலிருந்து இது நான்காவது தடவை. அதற்கு முன் ஒழுங்காகத்தானே ஓடியது?

வீட்டில் எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். பிப்ரவரியில் மாடி வீட்டு ஸ்கூட்டரின் சைலன்சரில் கத்திரிக்காய் செருகியது நான்தான், அதை மறுக்கவில்லை. அதுவும் பிஞ்சுக் கத்திரிக்காய். ஆனால் லாரியை நான் தொடவே இல்லை.

"டேங்குல என்னடா போட்ட?" என்றார் அப்பா.

"டீசல்கூடப் போட்டதில்லைப்பா."

அவர் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை நடுரோட்டுல நின்னுச்சு, நீ ப்ளஸ் டூ படிக்கிறது திருவெறும்பூர்லதான். சித்தப்பா வீட்ல."

சித்தப்பா வீட்டில் தும்முவதற்கே அனுமதி கேட்க வேண்டும். சிரிப்பதற்கு மனுப் போட வேண்டும்.

மே 7, புதன்

செய்தது நான் இல்லை என்றால் வேறு யாரோ. முதல் சந்தேகம் டிரைவர் மருதை அண்ணன் மேல். வண்டி நின்றதும் அவர் டேங்க் மூடியைத் திறக்கிறார், குச்சி விட்டு டீசல் பார்க்கிறார், பம்ப்பில் புகுந்த காற்றை வெளியே எடுக்கிறார். உடனே வண்டி கிளம்பிவிடுகிறது. திறந்து அப்படி என்னதான் செய்கிறார்? டீசல் விற்கிறாரோ?

நேராகவே கேட்டேன். "ஒண்ணும் செய்யலை தம்பி. திறந்தா உஸ்ஸுங்குது. உங்கப்பாவைப் பாத்து டேங்கும் பெருமூச்சு விடக் கத்துக்கிச்சு."

சிரித்து மழுப்புகிறவரை நம்பக் கூடாது. நானே அப்படித்தானே.

மே 9, வெள்ளி

வாரா வாரம் போல வண்டிக்குப் பூஜை. அப்பா சந்தனக் கிண்ணத்தோடு சுற்றி வந்தார். சக்கரம், பானெட், கண்ணாடி, போன மாசம் வாங்கிய புது டேங்க் மூடி, எதையும் விடவில்லை. பழைய பொட்டைத் துடைப்பதும் இல்லை, அதன் மேலேயே அடுத்தது. வண்டி நிற்க நிற்கப் பொட்டும் பெருத்துக்கொண்டே போகிறது.

சாமி மேல் மட்டும் அவருக்குச் சந்தேகம் இல்லை.

மே 12, திங்கள்

பம்ப்பைக் கழற்றிப் பாலக்கரையில் பெனடிக்ட் அண்ணன் கடைக்குக் கொண்டுபோனோம். என்னைக் கூட்டிப்போனது உதவிக்கு இல்லை, கண்காணிப்பில் வைக்க.

பெனடிக்ட் அண்ணன் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டார். சின்ன பம்ப் ஒன்று டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சுமாம். ஃபில்டர் வடிகட்டுமாம். இந்தப் பெரிய பம்ப்புக்குள் சிலிண்டருக்கு ஒன்றாக நான்கு பிளஞ்சர், அதாவது அமுக்குகிற தண்டு. விரல் தடிமன்கூட இல்லை. அதுதான் டீசலை நெருக்கி, நேரம் பிசகாமல் நாசில் வழியாகப் பீய்ச்சுகிறது. பீய்ச்சுவது முந்தினால் இன்ஜின் தட்டும், பிந்தினால் புகை கக்கும். தண்ணீர் போனால் துரு, தூசி போனால் கீறல்.

"காத்துப் போனா?" என்றேன்.

"டீசல் நசுங்காது, காத்து நசுங்கும். பம்ப் அந்தக் காத்தை நசுக்கிட்டு, வேலை முடிஞ்சுதுன்னு நெனச்சுக்கும். நாசிலுக்கு ஒரு சொட்டுப் போகாது."

என் ஹோம்வொர்க் மாதிரி.

டெஸ்ட் பெஞ்சில் ஓட்டிப் பார்த்துவிட்டு, "பம்ப் நல்லாத்தான் இருக்குங்க. சீல் மட்டும் மாத்துறேன்" என்றார். நல்ல பம்ப்பை நல்ல பம்ப் என்று சொல்கிற மெக்கானிக்கா? இரண்டாவது சந்தேகம்.

அடுத்து அவர் சொன்னதுதான் வினை. "டேங்குல யாராச்சும் வெளையாடிட்டாங்களான்னு பாருங்க."

அப்பா டேங்கை நினைக்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

மே 15, வியாழன்

மூன்று நாளாக லோக்கல் சவாரி மட்டும். மார்க்கெட், கே.கே. நகர், வீடு. எங்கேயும் நிற்கவில்லை. எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது.

மே 17, சனி

மனசு சரியில்லை. என் கிளாஸ் கலையரசனுக்குப் பன்னீர் சோடா வாங்கிக்கொடுத்தேன். ஸ்ட்ராவைச் சுற்றிப் பாட்டில் வாயைப் பபிள்கம்மால் அடைத்துத்தான் கொடுத்தேன். உறிஞ்சு உறிஞ்சென்று உறிஞ்சினான். கன்னம் ஒட்டியது, கண் பிதுங்கியது, சோடா வரவில்லை. உள்ளே காற்று போனால்தானே வெளியே சோடா வரும்?

வீட்டுக்கு வந்தால் அம்மா என் பேன்ட்டையெல்லாம் மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருக்கிறாள்.

"எதுக்கும்மா?"

"சும்மாதான்."

சும்மா யாராவது ஏழு பேன்ட் மடிப்பார்களா?

மே 20, செவ்வாய்

"நாளைக்கு முசிறிக்கு நீயும் வர்ற. வழியில நின்னுச்சுன்னா அப்படியே திருவெறும்பூர் பஸ்" என்றார் அப்பா. பையையும் வண்டியில் ஏற்றியாயிற்று.

நான் செய்யலைன்னு எத்தனை தடவைதான் சொல்றது. பொய் சொன்னப்பல்லாம் நம்புனாங்க.

மே 21, புதன்

நின்றுவிட்டது. குணசீலத்துக்குக் கொஞ்சம் முன்னால். பின்னால் வண்டி நிறையத் தார். மருதை அண்ணன் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி அப்பாவைப் பார்த்தார். அப்பா என் பையைப் பார்த்தார்.

மருதை அண்ணன் மூடியைத் திறக்க இறங்கினார். அவர் ஏதோ செய்கிறார் என்கிற சந்தேகம் எனக்கு இன்னும் போகவில்லை. "நான் திறக்கிறேன்" என்று முந்திக்கொண்டேன். மூடி அசையவில்லை. இரண்டு கையாலும் திருகினேன். உஸ்ஸ்ஸ்.

பெருமூச்சு விடவில்லை அது. காற்றை உள்ளே இழுத்தது. கலையரசனின் ஒட்டிப்போன கன்னம் ஞாபகம் வந்தது.

"மருதைண்ணே, மூடியில காத்துப் போக ஓட்டை இருக்கணுமா?"

"இருக்கணும் தம்பி. பழைய மூடியில அடிப்பக்கம் இருந்துச்சு."

புது மூடியைத் திருப்பிப் பார்த்தேன், அடிப்பக்கம் ஓட்டை இல்லை. மேல் பக்கம் நட்டநடுவில் சந்தனம், குங்குமம், மறுபடி சந்தனம். ஆணி கொண்டு நெம்பினேன். மொத்தமும் ஒரே வில்லையாகப் பெயர்ந்து விழுந்தது. பொட்டு இருந்த இடத்தில் ஊசி முனை அளவு ஓட்டை.

மருதை அண்ணன் அவசரமாகக் காவிரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

அப்பா கீழே கிடந்த பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஏறுங்க. தார் பழுத்துடும்" என்றார்.

டோல்கேட் தாண்டியும் வண்டி நிற்கவில்லை. திருவெறும்பூர் பஸ் எங்களைத் தாண்டிப் போயிற்று.

மே 22, வியாழன்

பேன்ட்டெல்லாம் அலமாரிக்குத் திரும்பிவிட்டன.

மே 26, திங்கள்

மார்க்கெட்டில் கேட்பவர்களிடம், "பம்ப்ல காத்துப் புகுந்துடுச்சு" என்கிறார் மருதை அண்ணன். நானும் அதையே சொல்கிறேன். எங்கள் ஸ்ரீரங்கத்திலேயே பெரிய ஜோக் என் வாய்க்குள் இருக்கிறது. கலையரசனிடம்கூடச் சொல்லவில்லை.

மே 30, வெள்ளி

காலையில் பூஜை. சக்கரம், பானெட், கண்ணாடி. டேங்க் அருகே வந்ததும் அப்பாவின் கை நின்றது. மூடிக்கு ஒரு சாண் தள்ளித் தகட்டின் மேல் சின்னதாக ஒரு பொட்டு வைத்துவிட்டு என் பக்கம் வந்தார். மிச்சச் சந்தனத்தை என் நெற்றியில் வைக்கப் போனவர் நிறுத்தினார்.

"இங்க ஓட்டை எதுவும் இல்லையேடா?"

"நெறைய இருக்குப்பா. பாத்து வைங்க."