தோசைத் திருப்பித் தழும்பு

என் உயிரான அக்கா,

நீ போய் மூன்று வருஷம். உன் காவ்யாவுக்கு ஏழு வயது முடிந்துவிட்டது. முன்பல் இரண்டும் விழுந்து, சிரித்தால் அப்படியே நீதான். மாமா மறுகல்யாணம் செய்துகொண்டதை உனக்கு யார் சொல்லியிருப்பார்கள்? பெயர் ஜெயம்மா, மாலூர்க்காரி. அவள் கையில் உன் பிள்ளையைக் கொடுத்த நாளிலிருந்து எனக்கு நெஞ்சு ஆறவே இல்லை.

போன ஆடியில் மூக்கண்டப்பள்ளிக்கு, மாமா வீட்டுக்குப் போனேன். காவ்யாவின் முன்கையில் விரல் நீளத்துக்குத் தழும்பு, தோசைத் திருப்பியைக் காய்ச்சி வைத்த மாதிரி. “நான்தான் சித்தி, திருப்பிய எடுத்தேன். சூடா இருக்கும்னு மறந்துட்டேன்” என்றாள். சூட்டை யாராவது மறப்பார்களா? சொல்லிக்கொடுத்ததை ஒப்பிக்கிறாள் என்றே நினைத்தேன். துறுதுறுப்பு அடங்கட்டும் என்று பிள்ளைக்குச் சூடு போடுகிறவர்கள் நம் பக்கத்தில் இல்லையா என்ன?

“ஒரு நிமிஷம் கை சும்மா இருக்காதுக்கா இவளுக்கு” என்று ஜெயம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அன்றைக்கே காவ்யாவைச் சூளகிரிக்கு என் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன்.

இங்கே என் வீட்டுக்காரருக்குக் காலை ஷிப்ட், எனக்கு மதிய ஷிப்ட். கிளம்புகிறவர், வருகிறவருக்காகக் குழம்பை இளந்தீயில் வைத்துவிட்டுப் போவது எங்கள் லைன் வீடுகளில் எல்லாரும் செய்வதுதான். நடுவில் வீட்டில் ஆள் இல்லாதது பத்து நிமிஷம் இருக்குமா? ஒருநாள் பள்ளிக்கூடம் லீவு. “அடுப்புக்கிட்டப் போகக் கூடாது, சரியா?” என்றேன். “போக மாட்டேன்” என்று அவளும் சொன்னாள். கம்பெனி பஸ் ஹார்ன் அடித்தது, ஓடினேன். அந்தப் பத்து நிமிஷத்தில், அடுப்புக்கு மேல் அலமாரியில் இருந்த ரிப்பனுக்காகக் கொதிக்கிற சட்டியைத் தாண்டிக் கை நீட்டிச் சுட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஓசூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா புதுப் புண்ணைப் பார்த்தார், பழைய தழும்பைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “உண்மையச் சொல்லும்மா. யாரு சூடு வெச்சது?” ஐயோ அக்கா, நான் ஜெயம்மாவைப் பார்த்த அதே பார்வை! சேதி கேட்டு ஓடிவந்த ஜெயம்மாதான், “இல்ல மேடம், இவங்க அப்பிடி செய்யறவங்களே இல்ல” என்று எனக்காகச் சண்டை போட்டாள்.

டாக்டரம்மா காவ்யாவிடம் வெகுநேரம் பேசினார், மறுபடி இரண்டு முறை வரச்சொல்லியும் பார்த்தார். இது கவனக்குறைபாடு என்கிற கோளாறாம், திமிர் இல்லையாம். “சூடுன்னு அவளுக்குத் தெரியும். அது ஞாபகத்துக்கு வர்றதுக்குள்ள கை போயிடுது. இந்த மாதிரிப் பிள்ளைங்க தீக்காயத்தோட வர்றது அதிகம். பெரியவங்கதான் கூட இருக்கணும்” என்றார். உன் முழங்கையிலும் ஒரு தழும்பு இருந்ததே. அடங்காப்பிடாரி என்று அம்மா உன்னைத் திட்டுவாளே. நீயும் மறந்துதான் கை வைத்தாயா?

காவ்யா இப்போது ஜெயம்மாவிடமே இருக்கிறாள், ஞாயிறானால் என்னிடம். என் புத்தி லேசில் போகுமா? அங்கே போனதும் முதலில் பிள்ளையின் கையைத்தான் திருப்பிப் பார்க்கிறேன். என் வீட்டிலிருந்து திரும்பியதும் ஜெயம்மாவும் அப்படித்தான் பார்க்கிறாளாம், காவ்யா சொன்னாள். சுருக்கென்றுதான் இருந்தது. பார்க்கட்டும்.

அடுப்பை அணைக்காமல் இனி எந்த பஸ்ஸுக்கும் ஓடமாட்டேன் அக்கா, இது சத்தியம். ஜெயம்மாவிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. அதையும் கேட்டுவிடுகிறேன்.

உன் மகளின் கையைத் திருப்பிப் பார்க்கும் இரண்டு பேரில் ஒருத்தி,
உன் தங்கச்சி செல்வி