பாலத்தில் ஊன்றாத கோல்

மார்ச் 11, ஹிவாசா

எண்பத்தெட்டுக் கோயில் நடை யாத்திரையில் இருபத்து மூன்றாம் கோயில் முடிந்தது. அடுத்தது முரோட்டோ முனையில், கடலோரமாகவே மூன்று நாள் நடை. எனக்கு இரண்டு காலிலும் கொப்புளம். என் வீட்டுக்காரர் ரோகுரோவுக்கு ஒன்றுகூட இல்லையாம். அறுபத்தெட்டு வயதில் என்ன திமிர்!

பந்தயம் நீடிக்கிறது. முதலில் வண்டியில் ஏறுகிறவர் தோற்றவர். நான் தோற்றால் ஓனோமிச்சி மேட்டு வீட்டை விற்றுவிட்டு, அவர் பார்த்து வைத்திருக்கும் கீழ்த்தெரு ஃபிளாட்டுக்குப் போக வேண்டும். அவர் தோற்றால் இருக்கிற வீட்டிலேயே இருப்போம். படிகள் ஏராளம்தான். ஆனால் சமையலறை ஜன்னலில் கடல் முழுக்கத் தெரியும். அதை விட்டுவிட்டு யார் போவார்? ஏன் விற்கணும் என்று கேட்டால் "பூனைத் தொல்லை" என்கிறார். பூனைக்குப் பயந்து வீட்டை விற்கிற ஆளை நான் வேறெங்கும் கண்டதில்லை.

மார்ச் 12, முகி

யாத்ரீகருக்கு யார் எதைக் கொடுத்தாலும் மறுக்கக் கூடாது. என் நம்பிக்கையெல்லாம் இதில்தான். கார் வைத்திருக்கும் ஒரு புண்ணியவான் அவரைப் பார்த்து "ஏறுங்க" என்று சொல்லட்டும், இந்த வழியெல்லாம் முதலில் நடந்த கோபோ மகானே!

இன்று கிடைத்தது சோற்று உருண்டையும் ஒரு முழு முள்ளங்கியும். என் கை நீளம் இருக்கும். நாள் முழுக்க அவர்தான் சுமந்தார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

பாலம் வந்தால் மட்டும் "நீ முன்னால போ" என்கிறார். மகான் ஒருமுறை தங்க இடமில்லாமல் பாலத்தடியில் படுத்தாராம். அவர் தூக்கம் கெடக் கூடாதென்று பாலத்தின் மேல் யாத்ரீகர் யாரும் கைக்கோலை ஊன்றுவதில்லை. நான் மறந்துபோய்க் கோலைத் தட்டிவிடுகிறேனா என்று பின்னால் வந்து வேவு பார்க்கிறார் போலிருக்கிறது.

மார்ச் 13

மழை. பெரிய ஆற்றுப் பாலம். பாதியில் என் தொப்பி காற்றில் பறந்து பின்னால் ஓடியது. பிடிக்கத் திரும்பினேன். அவர் கோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கைப்பிடிச் சுவரைப் பற்றி, வலது காலை இழுத்து இழுத்து —

"எத்தனை நாளா?"

"எது?"

"முட்டியைக் கேக்கறேன்."

"போன வருஷத்துலேர்ந்து. கோல் ஊன்றினா தெரியாது. தொப்பியைப் பிடி, போகுது பாரு."

பூனையாம், பூனை!

"சொல்லித் தொலைச்சா என்னங்க?"

"சொன்னா உடனே ஜன்னலை விட்டுக் குடுத்துடுவே. ஜெயிச்சு வாங்கலாம்னு பார்த்தேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவர்மீதா, என்மீதா?

பாலம் தாண்டியதும் ஒரு சின்ன வெள்ளைக் கார் நின்றது. ஆரஞ்சுப் பெட்டிகளுக்கு நடுவிலிருந்து ஓர் அம்மாள் எட்டிப் பார்த்தாள். "மழையில என்ன நடை? ரெண்டு பேரும் ஏறுங்க! இது என் தானம், மறுக்கக் கூடாது, தெரியுமில்ல?"

ரோகுரோ தோற்ற முகத்தோடு கதவைத் திறந்தார். அவர் ஏறினால் ஜன்னல் என்னுடையது. நான் வேண்டிக்கொண்டது அப்படியே வந்து நிற்கிறது. அவர் முட்டியை மடக்கப் பல்லைக் கடித்தார். இடுப்பால் அவரை ஓர் இடி இடித்துவிட்டு நான் உள்ளே பாய்ந்தேன்.

"என்னடி பண்றே!"

"நான்தான் முதல்ல. அம்மா, நீங்க சாட்சி."

"கார்ல ஏற இப்படி அடிச்சுக்கிறவங்களை நான் பார்த்ததே இல்லை" என்று அவள் என் மடியில் ஆரஞ்சுகளைக் கொட்டினாள். கொஞ்சம் அழுதேன். மழைத் தண்ணீர் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 14

முள்ளங்கியை விடுதியில் கொடுத்து ஒழித்தோம். ராத்திரிச் சாப்பாட்டில் அதையே வேக வைத்துப் பரிமாறினார்கள். மறுக்க முடியவில்லை.

ஜூன் 20, ஓனோமிச்சி

ஃபிளாட் ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுக்காரரின் உள்ளாடைகள். கடலைக் காணோம். காலையிலிருந்து ஒரே எரிச்சல். மேட்டு வீட்டுப் பூனை ஒன்று எப்படியோ மோப்பம் பிடித்து இங்கேயே வந்துவிட்டது. அவர்தான் மீன் வாங்கிப் போடுகிறார்.

சாயங்காலம் மீன்கடைக்குப் போகிற வழியில் வாய்க்கால் பாலம். ஊருக்கு வந்தும் பழக்கம் விடவில்லை அவருக்கு. கோலைத் தூக்கிக்கொண்டு, "நீ முன்னால போ" என்றார்.

நான் போகவில்லை. தோளைக் கொடுத்தேன். கனமான மனுஷன்.